டாக்டரை விசாரிப்பது யார்?

அமராவதிக் கரையிலுள்ள கொமரலிங்கத்திலிருந்து ஒரு தோழர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். அவர் விவசாயக் கூலித் தொழிலாளி. ராஜவாய்க்கால் பாசனத்து வயல்களில் நடவும் அறுப்பும்தான் அவருக்கு ஜீவனம். அவருடைய மனைவி நூல் மில்லில் ஷிப்டு வேலை பார்த்தவர். வயிற்று வலி என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார். உடனே ஆபரேஷன் என்றார்கள். காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். எதற்காக ஆபரேஷன், எதை அறுத்தார்கள் என்று ஒருவரும் விளக்கிச் சொல்லவில்லை. புண் ஆறவில்லை. சீழ் வைத்தது. வேறு ஆஸ்பத்திரியில் மறுபடியும் ஆபரேஷன் செய்துதான் உயிர் பிழைத்தார். உயிர் பிழைத்தது, மில் வேலை போயிற்று. தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போயிற்று. வட்டி மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது.

முதல் ஆஸ்பத்திரிக்குப் போய் சிகிச்சைக் காகிதங்களைக் கேட்டார் அந்தத் தோழர். "அதெல்லாம் வெளியே தருவதில்லை. வேண்டுமானால் எங்கே வேண்டுமோ புகார் செய்துகொள்" என்று பதில் வந்தது. அவர் நம்மிடம் கேட்பது இதுதான்: "மில்லில் சம்பளத்தைப் பிடித்தால் யூனியனுக்குப் போகிறோம். கூலியைக் குறைத்தால் சங்கத்துக்குப் போகிறோம். டாக்டர் தப்புச் செய்தால் எங்கே போவது தோழர்?"

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது பழமொழி. ஏறுவதற்கு அம்பலம் எங்கே இருக்கிறது என்பதையே ஏழைக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள் என்பது இன்றைய நிலைமை. ஆகவே இந்த வாரம் இந்தக் கேள்விக்கே பதில் எழுதுகிறோம்.

அம்பலம் இருக்கிறது

டாக்டர்களை விசாரிக்க ஓர் அமைப்பு இருக்கிறது. அதன் பெயர் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். சென்னை அரும்பாக்கத்தில் இருக்கிறது. இங்கிலீஷ் வைத்தியம் செய்யும் ஒவ்வொரு டாக்டரும் மருத்துவப் பதிவேட்டில் தம் பெயரைப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாமல் தொழில் செய்ய முடியாது. ஆகவே பதிவேட்டிலிருந்து பெயரை எடுப்பதுதான் கவுன்சிலின் கையிலுள்ள ஆயுதம். புகார் வந்தால் டாக்டரிடம் விளக்கம் கேட்கலாம், இரு தரப்பையும் விசாரிக்கலாம், குற்றமில்லை என்று விடலாம், எச்சரிக்கலாம், சில மாதங்களோ சில வருஷங்களோ பெயரை நீக்கி வைக்கலாம், ஒரேயடியாகவும் அடித்துவிடலாம்.

இந்தக் கவுன்சில் நேற்று முளைத்ததல்ல. 1914ஆம் வருஷத்துச் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டத்தில் பிறந்தது. முதல் உலக யுத்தம் மூண்ட வருஷம் அது. கூலிக்காரனுக்கு ஓட்டு என்ற பேச்சே எழாத காலம். வெள்ளைக்காரன் தன் நாட்டில் 1858இல் செய்துகொண்ட சட்டத்தின் சாயலில் இங்கேயும் ஒன்றைச் செய்தான். அந்த 1914 சட்டம் வகுத்த அமைப்பில் கவுன்சிலுக்குப் பத்து அங்கத்தினர்கள். ஏழு பேரை டாக்டர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். மூன்று பேரை சர்க்கார் நியமிக்கிறது. நோயாளிகள் அனுப்புகிறவர் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை.

இதை நம் மில்லுக்குள்ளும் வயலுக்குள்ளும் கொண்டுவந்து பாருங்கள். நாளைக்கு சர்க்கார் ஒரு சட்டம் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மில் முதலாளி கூலி மோசடி செய்தால் விசாரிக்க ஒரு கவுன்சில். அதில் பத்துப் பேர். ஏழு பேரை மில் முதலாளிகளே தேர்ந்தெடுப்பார்கள். தொழிலாளிக்கு ஓர் இடமும் கிடையாது. கேட்டுக்கு வெளியே நின்று சிரிக்கமாட்டோமா? குத்தகைத் தகராறைத் தீர்க்கப் பண்ணையார்களின் கமிட்டி என்றால் எந்தக் கிராமம் ஒப்புக்கொள்ளும்? ஆனால் நம் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் மட்டும் நூறு வருஷத்துக்கு மேலாக இந்த ஏற்பாட்டுக்கு நாம் தலையாட்டி வந்திருக்கிறோம்.

"டாக்டர் தொழிலை டாக்டர்தானே அறிவார்?"

இப்படிக் கேட்கிறவர்கள் உண்டு. கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. எந்த மருந்து எந்த அளவு, எந்த நரம்பு எங்கே ஓடுகிறது என்பதை டாக்டர்தான் சொல்ல முடியும். நூலின் கவுண்ட்டைப் பற்றி நூற்பாளியைத்தான் கேட்க வேண்டும். விசாரணையில் டாக்டர் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை.

ஆனால் ஜனங்களின் புகார்கள் எல்லாம் நரம்பையும் மருந்தையும் பற்றியவையா? ஆபரேஷனுக்கு முன்பு விஷயத்தை விளக்கிச் சம்மதம் வாங்கினாரா இல்லையா? ஸ்கேன் எடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டு ஸ்கேன்காரரிடம் கமிஷன் வாங்கினாரா இல்லையா? மருந்துக் கம்பெனியின் பரிசுக்காக விலை கூடிய மாத்திரையை எழுதினாரா இல்லையா? நோயாளி கேட்ட காகிதத்தைக் கொடுத்தாரா இல்லையா? இவற்றைத் தீர்மானிக்க எம்.பி.பி.எஸ். படிப்பு எதற்கு? நேர்மையுள்ள எந்த மனிதனும் தீர்மானிக்கலாம். வைத்திய ஞானம் வேண்டிய இடத்தில் வைத்தியர் இருக்கட்டும். நியாயம் வேண்டிய இடத்தில் ஜனங்களும் இருக்கட்டும். இதுதான் நமது வாதம்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். டாக்டர்களின் ஓட்டை வாங்கி வந்தவர், தமக்கு ஓட்டுப் போட்டவரையே விசாரிக்க வேண்டும். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் முதுகில் ஒரு பாரம் இருக்கத்தான் செய்யும். மனிதனின் நல்ல குணத்தை மட்டும் நம்பிச் சட்டம் செய்யலாகாது.

கணக்கு என்ன சொல்கிறது?

2016 மார்ச்சில் பார்லிமெண்டின் நிலைக்குழு ஒன்று தன் 92ஆவது அறிக்கையைத் தந்தது. அன்றைய இந்திய மருத்துவக் கவுன்சிலைப் பற்றியது அது. டில்லியிலுள்ள அந்தக் கவுன்சிலின் ஒழுங்குக் கமிட்டி 1963 முதல் 2009 வரை நடவடிக்கை எடுத்துக் கறுப்புப் பட்டியலில் வைத்த டாக்டர்கள் எத்தனை பேர் என்று அந்த அறிக்கை சொல்கிறது. 109 பேர்! நாற்பத்தாறு வருஷங்களில், இவ்வளவு பெரிய தேசத்தில், 109 பேர். வருஷத்துக்கு மூன்று பேர்கூட இல்லை. நம் நாட்டு டாக்டர்கள் எல்லாரும் தப்பே செய்யாத தேவதூதர்கள் என்று நம்பலாமா? அல்லது தப்பைக் காண வேண்டிய கண் மூடிக்கிடந்தது என்று நம்பலாமா? வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

காவலுக்கு நின்ற வேலியின் லட்சணம் என்ன? 2010 ஏப்ரலில் அந்த அகில இந்தியக் கவுன்சிலின் தலைவரையே, ஒரு மருத்துவக் கல்லூரி சம்பந்தமான லஞ்சக் குற்றச்சாட்டின் பேரில் சி.பி.ஐ. கைது செய்தது. மறுமாதமே சர்க்கார் கவுன்சிலைக் கலைத்தது. பிறகு 2019இல் புதுச் சட்டம் வந்தது. 2020 செப்டம்பரில் பழைய கவுன்சில் போய் தேசிய மருத்துவக் கமிஷன் வந்தது. பெயர்ப்பலகை மாறியது. நோயாளியின் கதி மாறியதா?

மாறியது, பின்னோக்கி! பழைய விதிகளின்படி, மாநிலக் கவுன்சிலின் தீர்ப்பில் அதிருப்தி கொண்ட எவரும் 60 நாட்களுக்குள் டில்லிக்கு அப்பீல் செய்யலாம், நோயாளியும் செய்யலாம். 2019 சட்டத்தின் 30ஆவது பிரிவோ அப்பீல் செய்யும் உரிமையை டாக்டருக்கு என்றே எழுதியது. இதைக் காட்டி நோயாளிகளின் அப்பீல்கள் திருப்பி அனுப்பப்பட்டன. தண்டிக்கப்பட்ட டாக்டருக்கு மேலே இரண்டு படிகள்: முதலில் ஒழுங்கு வாரியம், பிறகு கமிஷன். பெண்டாட்டியை இழந்தவனுக்கு ஒரு படியும் இல்லை! கூக்குரல் எழுந்த பிறகு, நோயாளிக்கும் அப்பீல் உரிமை தரும் திருத்த நகல் ஒன்றை 2022 டிசம்பரில் சுகாதார மந்திரி சபை இலாகா வெளியிட்டது. நகல் வெளியிட்டால் போதாது. உரிமை சட்டத்தின் எழுத்தில் ஏற வேண்டும்.

மூன்று வாரச் சட்டம்

2023 ஆகஸ்டு 2ஆம் தேதி தேசிய மருத்துவக் கமிஷன் டாக்டர்களுக்குப் புதிய ஒழுக்க விதிகளை வெளியிட்டது. மருந்துகளைக் கம்பெனிப் பெயரில் எழுதாமல் மூலப் பெயரிலேயே எழுத வேண்டும் என்றும், மருந்துக் கம்பெனிகள் செலவில் நடக்கும் கூட்டங்களுக்கு டாக்டர்கள் போகக்கூடாது என்றும் அதில் இருந்தது. டாக்டர்கள் சங்கம் ஆட்சேபித்தது. பெரிய மருந்துக் கம்பெனிகளின் சங்கமும் ஆட்சேபித்தது. ஆகஸ்டு 23ஆம் தேதி விதிகள் நிறுத்தி வைக்கப்பட்டன. மூன்றே வாரம்! பஞ்சாலைத் தொழிலாளியின் மனு எத்தனை வருஷம் மேஜையில் தூங்குகிறது! மருந்து முதலாளியின் மனு எவ்வளவு சுறுசுறுப்பாக நடக்கிறது!

ஆகவே 2002ஆம் வருஷத்து விதிகளே திரும்பி வந்தன. அந்த விதிகளும் மோசமானவை அல்ல. நோயாளியை அனுப்பி வைப்பதற்குக் கமிஷன் வாங்குவது தவறு என்று அவை சொல்லுகின்றன. மருந்துக் கம்பெனியிடம் பரிசு வாங்கக்கூடாது என்கின்றன. புகாரின் மீது ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கின்றன. பதிவேட்டிலிருந்து ஒருவர் பெயரை நீக்கினால் அதைப் பத்திரிகைகளில் நன்கு விளம்பரப்படுத்த வேண்டும் என்றும் சொல்லுகின்றன. ஏட்டில் சர்க்கரை இனிக்கத்தான் செய்கிறது. நாக்கில் வைத்தால்தானே தெரியும்! உங்கள் ஊர்ப் பக்கம் இன்ன டாக்டரின் பெயர் இன்ன காரணத்துக்காக நீக்கப்பட்டது என்ற அறிவிப்பைப் பத்திரிகையில் எத்தனை முறை படித்திருக்கிறீர்கள்?

டாக்டருக்கே பதினைந்து வருஷம்

ஆறு மாதம் என்பது நடைமுறையில் என்னவாகிறது? அமெரிக்காவில் டாக்டராக இருந்த குணால் சாஹாவின் வழக்கைப் பார்ப்போம். 1998இல் அவரும் மனைவி அனுராதாவும் கல்கத்தா வந்தார்கள். அங்கே அனுராதாவின் உடம்பில் தடிப்பு ஏற்பட்டது. சிகிச்சையில் தவறு நேர்ந்தது. பம்பாய்க்குக் கொண்டுபோயும் பயனில்லை; மே 28ஆம் தேதி இறந்தார். கணவர் மேற்கு வங்க மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்தார். சம்பந்தப்பட்ட டாக்டர்கள் மீது குற்றமில்லை என்று கவுன்சில் சொல்லிவிட்டது. அவர் விடவில்லை. சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். சிகிச்சையில் கவனக்குறைவு இருந்தது என்று 2009இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2013 அக்டோபரில் சுமார் 6 கோடி ரூபாய் நஷ்டஈடு, வட்டியுடன் கொடுக்க உத்தரவிட்டது.

சக டாக்டர்கள் காணாத குற்றத்தை, வைத்தியம் படிக்காத நீதிபதிகள் கண்டார்கள்! ஆனால் எத்தனை வருஷம்? பதினைந்து. வழக்காடியவர் யார்? தாமே டாக்டர், வைத்திய நூல்களை அறிந்தவர், வக்கீல் வைக்கப் பணமுள்ளவர். அவருக்கே இந்தப் பாடு என்றால், ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாத கொமரலிங்கத்துத் தோழர் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் பயணம் செய்து அரும்பாக்கம் போய் எத்தனை விசாரணைக்கு நிற்பார்?

கரும்பு வெட்டியும் தறிகாரனும்

தனியொருவர் புகார் செய்ய முடியாத அநியாயங்களும் உண்டு. மகாராஷ்டிரத்தில் பீட் ஜில்லா என்ற வறண்ட பூமி இருக்கிறது. அங்குள்ள ஜனங்கள் வருஷந்தோறும் கரும்பு வெட்டப் புறப்பட்டுப் போகிறார்கள். நம் அமராவதிப் பக்கத்துக் கரும்புத் தொழிலாளிகள் இவர்களை அறிவார்கள். இவர்கள் நம் உடன்பிறப்புகள். 2019இல் அந்த மாநில சர்க்கார் அமைத்த கமிட்டி, 82 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கரும்புத் தொழிலாளிப் பெண்களை ஆராய்ந்தது. அவர்களில் 13 ஆயிரத்துக்கும் அதிகமான பெண்களின் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது! வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலியும் இல்லை, அபராதமும் உண்டு என்ற காண்டிராக்ட் முறை ஒரு பக்கம். சின்ன வலிக்கும் "எடுத்துவிடு" என்று பயமுறுத்திப் பணம் பறித்த தனியார் ஆஸ்பத்திரிகள் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவில் பெண்ணின் உடம்பு. பதிமூவாயிரம் பேருடைய வயிறு அறுபடும் வரை மருத்துவக் கவுன்சிலின் காதில் ஒரு சத்தமும் விழவில்லையா?

நம் பக்கத்துக்கு வாருங்கள். 2025 ஜூலையில் நாமக்கல் ஜில்லா பள்ளிபாளையத்திலிருந்து வந்த சேதி தமிழ்நாட்டையே உலுக்கியது. கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளிகளிடம் தரகர்கள் சிறுநீரகத்தை விலை பேசி வாங்கியிருக்கிறார்கள். சேதி வெளியானதும் சர்க்கார் விசாரணைக் குழு அமைத்தது. இரண்டு தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு உறுப்பு மாற்று ஆபரேஷன் செய்யக் கொடுத்திருந்த அனுமதி நிறுத்தப்பட்டது. ஐகோர்ட்டின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. யார் குற்றவாளி என்பதைக் கோர்ட்டு சொல்லட்டும். நாம் கேட்பது வேறு. உறுப்பு விற்பனையைத் தடுக்க 1994இலேயே சட்டம் வந்துவிட்டது. தரகன் பேரம் பேசலாம். ஆனால் டாக்டரின் கத்தி இல்லாமல் ஒரு மனிதனின் சிறுநீரகம் வெளியே வராது. அப்படியிருக்க, டாக்டர்களின் ஒழுக்கத்துக்குக் காவலான அமைப்பு முதலில் விழித்ததா, கடைசியில் விழித்ததா?

இங்கே இன்னொரு ஓட்டையும் தெரிகிறது. மருத்துவக் கவுன்சில் டாக்டரைத்தான் விசாரிக்கும். ஆஸ்பத்திரி முதலாளியைத் தொட முடியாது. நஷ்டஈடு வாங்கித் தரவும் அதற்கு அதிகாரமில்லை. ஆஸ்பத்திரியை மேற்பார்வையிடுவது 1997ஆம் வருஷத்து வேறொரு சட்டம். அதன் அதிகாரி ஜில்லாவிலுள்ள சுகாதாரப் பணிகள் இணை இயக்குநர். இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் டாக்டரும் மாதச் சம்பளக்காரர். இத்தனை படுக்கை நிரம்ப வேண்டும், இத்தனை ஸ்கேன் ஓட வேண்டும் என்று முதலாளி கணக்குப் போட்டால், கத்தியைப் பிடித்தவர் மட்டும் குற்றவாளியா? கத்தியைக் கையில் திணித்தவரும் குற்றவாளி அல்லவா? உடம்பைச் சரக்காக்கும் லாப வேட்டையைத் தொடாமல் டாக்டரின் பெயரை மட்டும் அடிப்பது, கொசுவை விரட்டிவிட்டுச் சாக்கடையைக் காப்பாற்றும் வேலை.

ஹைட் நகரத்துப் பாடம்

இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஹைட் என்றொரு ஊர். அதுவும் ஒரு பஞ்சாலை நகரம்தான். ஹரால்டு ஷிப்மன் என்ற டாக்டர் 1977 முதல் அங்கே தொழில் செய்தார். பெத்திடின் என்ற போதை மருந்துக்காகப் பொய்ச் சீட்டு எழுதிய குற்றத்துக்கு 1976இலேயே கோர்ட்டில் தண்டனை பெற்றவர். அந்நாட்டு மருத்துவக் கவுன்சில் அவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தது. அவர் பெரும்பாலும் வயதான பெண்களை ஊசி போட்டுக் கொன்றுவந்தார். 15 கொலைகளுக்காக 2000 ஜனவரியில் தண்டிக்கப்பட்டார். பிறகு நடந்த பகிரங்க விசாரணை, கொல்லப்பட்டவர்கள் சுமார் 250 பேர் இருக்கலாம் என்று மதிப்பிட்டது.

முதலில் சந்தேகப்பட்டவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அந்தக் கிழவிகளைக் காரில் ஏற்றிச் சென்ற ஒரு டாக்ஸி டிரைவர்! நல்ல திடமாக இருந்தவர்கள் வரிசையாகச் சாகிறார்களே என்று பட்டியல் எழுதி வைத்தார். வைத்தியம் படிக்காத தொழிலாளியின் கண் கண்டதைப் பட்டம் பெற்ற கவுன்சில் காணவில்லை.

அந்த விசாரணையின் ஐந்தாவது அறிக்கை 2004 டிசம்பரில் வந்தது. கவுன்சில் ஜனங்களைக் காப்பதைவிட டாக்டர்களைக் காப்பதில் அக்கறை காட்டியது என்று கண்டித்தது. அதற்குப் பிறகு அங்கே கவுன்சில் மாற்றி அமைக்கப்பட்டது. அங்கத்தினர்களில் பாதிப்பேர் டாக்டர் அல்லாதவர்கள். 2012 முதல், புகாரைத் துப்பறிகிறவர் வேறு, தீர்ப்புச் சொல்கிறவர் வேறு என்று பிரித்துவிட்டார்கள். அது முதலாளித்துவ நாடுதான். அங்கேயே இது முடிந்தது என்றால் இங்கே ஏன் முடியாது? அவன் 1858இல் செய்த சட்டத்தைக் காப்பியடித்தோம். அவன் பின்னால் செய்த திருத்தத்தைக் காப்பியடிக்க மட்டும் ஏன் கை நடுங்குகிறது?

டாக்டர்கள் நம் எதிரிகளல்ல

ஒன்றை அழுத்தமாகச் சொல்லுகிறோம். 2024 நவம்பர் 13ஆம் தேதி சென்னை கிண்டியிலுள்ள கலைஞர் நூற்றாண்டு ஆஸ்பத்திரியில் புற்றுநோய் டாக்டர் ஒருவரை ஒரு நோயாளியின் மகன் கத்தியால் குத்தினான். அதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். தாய்க்குச் சரியாக வைத்தியம் பார்க்கவில்லை என்பது அவன் நினைப்பு. நினைப்பு சரியோ தப்போ, கத்தி அதற்குப் பதிலல்ல. சர்க்கார் ஆஸ்பத்திரியில் நூறு பேர் பார்க்க வேண்டிய வேலையைப் பத்துப் பேர் பார்க்கிறார்கள். இரவும் பகலும் கண் விழிக்கும் இளம் டாக்டர்களும் நர்ஸுகளும் உழைப்பாளிகள். நம் வர்க்கத்தின் தோழர்கள். அவர்கள் மீது கை வைப்பது நம் கண்ணையே நாம் குத்திக்கொள்வதாகும்.

சோலாப்பூர் என்ற மில் நகரத்தில் பிறந்த டாக்டர் துவாரகாநாத் கோட்னிஸ் 1938இல் சீனத்துக்குப் போய், ஜப்பானிய ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடிய வீரர்களுக்கு வைத்தியம் செய்து, 1942இல் முப்பத்திரண்டாவது வயதில் அங்கேயே உயிர் நீத்தார். அவரைப் போன்ற டாக்டர்களின் பெயருக்குக் களங்கம் உண்டாக்குகிறவர்கள் யார்? புகார் செய்கிற ஏழையா? குற்றவாளியை மூடி மறைக்கிற கவுன்சிலா? நேர்மையான விசாரணை நேர்மையான டாக்டருக்கே முதல் பாதுகாப்பு. வாசல் கதவு திறந்திருந்தால் எவனும் கத்தியோடு கொல்லைப்புறம் வரமாட்டான்.

இன்றைக்கே செய்யக்கூடியவை

சட்டம் மாறும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? வேண்டாம். உள்ள உரிமையைப் பிடித்துக்கொள்வோம்.

சிகிச்சைக் காகிதங்களை எழுத்து மூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். மூன்று வருஷம் அவற்றைப் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும். மறுப்பதே ஒரு குற்றம். அதன் மீதே கவுன்சிலுக்குப் புகார் செய்யலாம். கொமரலிங்கத்துத் தோழரிடம் "தருவதில்லை" என்று சொன்னவர் அந்த ஒரு வார்த்தையாலேயே விதியை மீறிவிட்டார்.

மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும். அதைக் குறித்து வையுங்கள். எந்தத் தேதியில் யார் என்ன சொன்னார் என்று மறப்பதற்கு முன் எழுதுங்கள். மூலக் காகிதத்தைக் கையிலே வைத்துக்கொண்டு நகலை மட்டும் அனுப்புங்கள். தபாலில் அனுப்பியதற்கு ரசீது வாங்குங்கள்.

நஷ்டஈட்டுக்கு வழி நுகர்வோர் கமிஷன். காசு வாங்கிச் செய்யும் வைத்தியம் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டது என்று 1995 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. மில் தோழர்கள் கவனிக்க வேண்டிய தீர்ப்பு 2007ஆம் வருஷத்தது. ஈ.எஸ்.ஐ. வைத்தியம் இலவசப் பிச்சையல்ல, தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடித்த பணத்தில் நடப்பது. ஆகவே அங்கே நேரும் கவனக்குறைவுக்கும் நஷ்டஈடு கேட்கலாம் என்றது கோர்ட்டு. இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும், தள்ளிப் போடாதீர்கள். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட மக்களுக்கும், பழங்குடியினருக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும் இலவசமாக வக்கீல் தர ஜில்லா சட்டப் பணிகள் ஆணைக்குழு கடமைப்பட்டிருக்கிறது. இது 1987ஆம் வருஷத்துச் சட்டம் கொடுத்த உரிமை.

மத்தியஸ்தம் பேச வருகிறவரிடம் ஏமாறாதீர்கள். பத்தாயிரத்தையோ இருபதாயிரத்தையோ கையில் வைத்து, வெற்றுக் காகிதத்தில் கையெழுத்து வாங்குவது அவர் தொழில். தனியாகப் போகாதீர்கள். யூனியன் ஆபீசுக்கு வாருங்கள். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு வாருங்கள். சம்பளச் சீட்டைப் படித்துச் சொல்லக் கற்றுக்கொண்ட நமது தோழர்கள் ஆஸ்பத்திரிச் சீட்டையும் படித்துச் சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சங்கக் கிளையும் இந்த வேலைக்கு ஒரு தோழரை நியமிக்கட்டும்.

நமது கோரிக்கைகள்

1914ஆம் வருஷத்துச் சட்டத்தை அடியோடு மாற்றி எழுது! மருத்துவக் கவுன்சிலில் பாதி இடங்களைத் தொழிலாளர், விவசாயிகள், பெண்கள் ஆகியோரின் ஸ்தாபனங்களுக்கும் நோயாளிகளின் பிரதிநிதிகளுக்கும் கொடு!

துப்பறிகிறவர் வேறு, தீர்ப்புச் சொல்கிறவர் வேறு என்று பிரி!

ஆறு மாதக் கெடுவை அமுல் நடத்து! தமிழில் எழுதிய புகாரை ஜில்லாத் தலைநகரிலேயே வாங்கு. விசாரணையையும் அங்கேயே நடத்து! விசாரணைக்கு வரும் ஏழைக்குப் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் கொடு!

நோயாளியின் அப்பீல் உரிமையைச் சட்டத்திலேயே எழுது!

வருஷத்துக்கு எத்தனை புகார் வந்தது, எத்தனையில் தண்டனை, எத்தனை தூங்குகிறது என்ற கணக்கை ஜனங்களுக்கு முன் வை!

டாக்டரோடு ஆஸ்பத்திரி முதலாளியையும் கூண்டில் ஏற்று! சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்குப் போதிய டாக்டர்களையும் நர்ஸுகளையும் நியமி!

இந்தக் கோரிக்கைகளை மனுவாக எழுதி, மில் கேட்டுகளிலும் நடவு வயல் வரப்புகளிலும் கையெழுத்து வாங்குங்கள். கொமரலிங்கத்துத் தோழர் கேட்ட கேள்விக்கு நமது பதில் இதுதான்: "எங்கே போவது?" என்று கேட்டீர்கள் தோழரே, அரும்பாக்கத்துக்குத்தான் போக வேண்டும், ஆனால் நீங்கள் மட்டும் தனியாகப் போக வேண்டியதில்லை. சங்கம் உங்களோடு வரும். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்ற பழமொழியைத் தனி மனிதன் மாற்ற முடியாது. ஆயிரம் ஏழைகள் ஒரே குரலில் சொன்னால் அந்தச் சொல் எந்த அம்பலத்திலும் ஏறும்!